சத்து மாத்திரை என்று சொல்லிச் சாப்பிட்ட மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 51. திருமங்கலத்தை அடுத்த ஓர் ஊரில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். முந்தின ஆண்டு ஆடி மாதம் என் தாயார் இறந்த பிறகு, உறக்கமும் பசியும் இல்லாமல், காரணமின்றி அழுதுகொண்டே இருந்தேன். மதுரையில் ஒரு பொது மருத்துவர் இரவில் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டேன். அதன் பின் அவரிடம் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டி எங்கள் ஊர் மெடிக்கலிலேயே வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். வீட்டில் இதைச் சத்து மாத்திரை என்றே சொல்லியிருக்கிறேன். இந்தத் தை மாதம் பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டபோது, "விரதத்தில் சத்து மாத்திரை எதற்கு" என்று மாமியார் சொன்னதால் நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலை சுற்றியது. தலையைத் திருப்பினால் உள்ளே கரண்டு அடித்ததுபோல் இருந்தது. கை நடுங்கியது, உறக்கமே இல்லை, எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். ஐந்தாம் நாள் யாருக்கும் தெரியாமல் மறுபடி மாத்திரையைப் போட்டதும் ஒன்றிரண்டு நாளில் சரியானது. நான் இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? இதை நிறுத்தவே முடியாதா? மூட்டு வலிக்கும், நான்கு மாதமாக ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த மருத்துவரிடம் இதைப் பற்றிச் சொல்லவில்லை. அட்டைகளில் உள்ளவற்றை அப்படியே எழுதி அனுப்பியுள்ளேன். என் தங்கை மகளுக்கு 20 வயது; கல்லூரியில் படிக்கிறாள்; சில மாதமாக முகவாட்டமாகவே இருக்கிறாள். எனக்குக் கேட்டதால் அவளுக்கும் பாதி மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா என்று தங்கை கேட்கிறாள். இன்னொன்றும் உண்டு, எழுதக் கூச்சமாக உள்ளது: ஓராண்டாகக் கணவரிடம் எனக்கு நாட்டமே இல்லை. இதுவும் மாத்திரையாலா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கவலைகொள்ள வைத்தது எதுவோ அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தக்க மருத்துவர் ஒருவரைப் பார்த்து, அவர் வகுத்துத் தரும் முறைப்படி குறைக்கத் தொடங்கும் வரை, இந்த மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். நான் உங்களை நேரில் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே, இத்தனை மில்லிகிராம் குறையுங்கள், இந்த மாத்திரைக்கு மாறுங்கள் என்று கடிதம் வழியாகச் சொல்வது முறையாகாது. ஆனால் அட்டைகளில் அச்சிட்டுள்ளதைப் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அது நல்ல காரியம். அதனால்தான் என்னால் இவ்வளவு விரிவாக எழுத முடிகிறது.

நீங்கள் இரவில் போடும் அந்த ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் என்பது ஒன்று, குளோனசிபாம் 0.5 மில்லிகிராம் என்பது மற்றொன்று. முன்னது மனச்சோர்வைப் போக்கும் மருந்து. பின்னது பதற்றத்தைத் தணித்து உறக்கத்தைத் தருவது. பென்சோடயசெபின் என்ற வகையைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிய மாத்திரைகள் நம் நாட்டில் பல நிறுவனங்களின் பெயர்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. மருந்தின் பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்பதுபோல ஓர் ஒட்டு இருக்கும். அந்த ஒட்டில்தான் இரண்டாவது மருந்து இருக்கிறது என்பது, பல ஆண்டுகளாக அதைச் சாப்பிடுபவர்களுக்கும்கூடத் தெரிவதில்லை.

தொடக்கத்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் விழுங்கிய அன்றே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரங்கள்கூட ஆகலாம். குமட்டல், தலைவலி, ஒருவிதப் பரபரப்பு ஆகிய பக்க விளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். பலன் பின்னால் வர, தொந்தரவு முன்னால் வந்துவிடும் அந்த இடைவெளியைக் கடப்பதற்காக, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குக் குளோனசிபாமைத் துணைக்குத் தந்துவிட்டு, பிறகு அதை மட்டும் மெல்ல விலக்கிவிட வேண்டும் என்பதுதான் முறை. ஒரு மாதத்துக்குப் பின் நீங்கள் மறுபடி போயிருந்தால் உங்கள் மருத்துவரும் அதைச் செய்திருக்கக்கூடும். நீங்கள் போகவில்லை, போக வேண்டும் என்று அவரும் அழுத்திச் சொல்லவில்லை போலும். ஒரு மாதத்துக்கு என்று எழுதிய சீட்டு ஒன்றரை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மாத்திரை ஷெட்யூல் ஹெச் வகையைச் சேர்ந்தது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக்கூடாது என்ற எச்சரிக்கை அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பழைய சீட்டை நீட்டினாலே கொடுத்துவிடும் பழக்கம் நம் ஊர்களில் இருப்பதை நான் அறிவேன். அதை உங்களுக்குச் செய்த உதவி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி, அடிமையாகிவிட்டேனா என்ற கேள்வி. உங்கள் அச்சம் பாதி சரி. ஆனால் நீங்கள் சந்தேகப்பட வேண்டிய மருந்து வேறு. எஸ்சிட்டலோபிராம் போதை தருவதில்லை. அதன் மீது வேட்கை பிறப்பதில்லை. நேற்று ஒன்று போதுமாயிருந்தவருக்கு இன்று இரண்டு வேண்டும் என்ற நிலையும் அதனால் வருவதில்லை. ஆனால், மூளை அந்த மருந்தின் இருப்புக்குத் தன்னைப் பல மாதங்களாக இசைவித்துக்கொண்டிருக்கிறது. அதைத் திடீரென்று எடுத்துவிட்டால், மூளை பழைய நிலைக்குத் திரும்பும் வரை தலைச்சுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு, விநோதமான கனவுகள், எரிச்சல், குமட்டல் ஆகியவை தோன்றும். நீங்கள் கரண்டு அடித்ததுபோல் என்று எழுதியிருப்பது, இந்த வகை மருந்துகளை நிறுத்தியவர்கள் உலகெங்கும் ஏறக்குறைய அதே சொற்களால் சொல்லும் அறிகுறி. குளோனசிபாம் அப்படியல்ல. அதை நீண்ட நாள் எடுத்தால் உண்மையாகவே பழக்கம் உண்டாகும்; உறக்கம் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். நெடுநாள் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் நடுக்கமும் உறக்கமின்மையும் வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடுவதுண்டு. உங்கள் அளவு குறைந்தது என்பதால் அந்த அபாயமும் குறைவுதான். ஆயினும், நெடுஞ்சாலை ஓரத்தில் இரவும் பகலும் நடந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லும் யாத்திரைக்கு முன்பாக ஒருவர் அந்த அபாயத்தை வலிய வரவழைத்துக்கொள்வதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள இயலவில்லை.

ஒருவேளை பழைய நோயே திரும்பிவிட்டதோ என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கக்கூடும். நாள் கணக்கு அதற்கு விடை சொல்கிறது. இந்த இரண்டு மருந்துகளும் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 மணி நேரமோ, அதைவிடச் சற்றுக் கூடுதலோ ஆகும். ஆகவே மூன்றாம் நாளில் தொந்தரவு உச்சத்துக்கு வந்ததும், மாத்திரையை மறுபடி போட்ட ஒன்றிரண்டு நாளில் அடங்கியதும் மருந்து விலகியதன் அடையாளங்கள். மனச்சோர்வு அவ்வாறு வருவதில்லை. நிறுத்திய பிறகு சில வாரங்களோ மாதங்களோ கழித்து, அழுகையும் பசியின்மையும் எதிலும் பிடிப்பற்ற நிலையும் ஒவ்வொன்றாகத் திரும்பும். மறுபடி மாத்திரை போட்டாலும் ஒரு நாளில் போகாது. இந்த வேறுபாடு தெரியாமல், நிறுத்திய வாரத்திலேயே வந்த தலைச்சுற்றலை நோய் என்று கருதி, தேவையின்றி ஆண்டுக்கணக்கில் மருந்தைத் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். இதன் மறுபக்கமாக, நிறுத்தி மூன்று மாதம் கழித்து மெல்லத் திரும்பும் நோயைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதிக வருத்தம் தருபவர்கள் இரண்டாமவர்களே.

உங்கள் மாமியார் மீது எந்தப் பிழையும் இல்லை. சத்து மாத்திரை என்று சொன்னீர்கள்; விரதத்தில் சத்து மாத்திரை வேண்டாம் என்றார். சர்க்கரை நோயாளியின் மாத்திரையையோ இதய நோயாளியின் மாத்திரையையோ மாலை போட்டதற்காக நிறுத்தச் சொல்லும் பெரியவர்கள் குறைவு. இதுவும் அப்படிப்பட்ட மாத்திரைதான் என்று தெரிந்திருந்தால் அவரே இரவில் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். விரதத்தில் உணவு ஒரு வேளையாகக் குறைந்தாலும் இம்மாத்திரைக்குத் தடையில்லை. எஸ்சிட்டலோபிராமை உணவுக்கு முன்போ பின்போ எடுக்கலாம். வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டும் என்பதால், அந்த ஒரு வேளை உணவை ஒட்டி எடுத்துக்கொள்ளலாம். ரமலான் நோன்பு நோற்பவர்களும், ஒரு நாளுக்கு ஒரு முறை எடுக்கும் மாத்திரையை நோன்பு திறந்த பிறகோ, விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்கோ மாற்றிக்கொள்வது பெரும்பாலும் எளிது; நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டு அந்த நேரத்தைத் தீர்மானித்துக்கொண்டால் போதும்.

நிறுத்தவே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். முதல் முறையாக மனச்சோர்வு வந்தவர்கள், குணமான பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதங்கள் மருந்தைத் தொடர வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. இரண்டு, மூன்று முறை வந்து போனவர்களுக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தேவைப்படும். ஐப்பசி வாக்கில் குணமானீர்கள் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டைத் தாண்டிவிட்டது. இதற்கு முன் உங்களுக்கு இந்த நோய் வந்ததில்லை என்றால், நிறுத்துவதைப் பற்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. வழிதான் வேறாக இருக்க வேண்டும். சித்திரையில் நான்கு மாசி வீதிகளிலும் வரும் தேரைப் பார்த்திருப்பீர்கள்: வடத்தை விட்டுவிட்டால் அது அந்தக் கணமே நிற்பதில்லை, சக்கரத்தடியில் கட்டை போடத் தெரிந்தவர்கள் அளந்து போட்டுப் போட்டுத்தான் நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். ஒரே பெரிய கட்டையாகப் போட்டால் தேர் குலுங்கும்.

இரு மருந்துகள் ஒரே மாத்திரையில் இருப்பதால், ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும். எது எந்தத் தொந்தரவைத் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மருத்துவர் முதலில் இரண்டையும் தனித்தனி மாத்திரைகளாகப் பிரிப்பார். பெரும்பாலும் எஸ்சிட்டலோபிராமை அப்படியே வைத்துக்கொண்டு, குளோனசிபாமைப் பல வாரங்களில் சிறுகச் சிறுகக் குறைத்து நீக்கிவிட்டு, அதன் பிறகே மற்றதில் கைவைப்பார்கள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 10 மில்லிகிராமிலிருந்து 5-க்கு வருவது பலருக்குச் சுலபமாக இருக்கும். 5-இலிருந்து ஒன்றுமில்லாத நிலைக்கு வருவதுதான் கடினம். 10 மில்லிகிராம் மூளையில் செய்யும் வேலையின் பெரும்பகுதியை 5 மில்லிகிராமே செய்துவிடுகிறது. எனவே கடைசி 5-ஐ எடுக்கும்போதுதான் பெரிய மாற்றம் நிகழ்கிறது. இறுதிக் கட்டத்தை இன்னும் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில வாரங்கள் தங்கிப் பார்ப்பது இதனால்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் குறைத்ததாகிவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. இந்த மருந்துக்கு அது பொருந்தாது. ரத்தத்தில் அதன் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கி, பாதி நிறுத்திய தொந்தரவை ஒவ்வொரு வாரமும் தந்துகொண்டிருக்கும். ஃபுளுவாக்சடின் என்ற மருந்து உடலில் வாரக்கணக்கில் தங்குவதால் அதை எடுப்பவர்களுக்கு நிறுத்துவது எளிது. பராக்சடின், வென்லஃபாக்சின் ஆகியவை விரைவில் வெளியேறிவிடுவதால் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தலை சுற்றும். உங்களுடையது இவற்றுக்கு இடைப்பட்டது. என்றாவது ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் மாத்திரைக்கு நேரம் நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும். ஈடுகட்ட இரண்டாகப் போடக்கூடாது. தேர்வுத்தாள் திருத்தும் மாதத்திலோ, வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் மாதத்திலோ, மாலை போட்டிருக்கும் மாதத்திலோ குறைக்கத் தொடங்க வேண்டாம். அவசரமே இல்லாத ஒரு காலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்து, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் மற்ற இரண்டு அட்டைகள். உங்கள் கடிதத்தில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ரத்தக் கொதிப்புக்கு நீங்கள் எடுப்பதில் டெல்மிசார்டான் 40 மில்லிகிராமுடன் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராமும் இருக்கிறது. இரண்டாவது, சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியேற்றும் மருந்து. எஸ்சிட்டலோபிராமும் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். இரண்டும் சேரும்போது, குறிப்பாக வயதில் மூத்த பெண்களுக்கு, சோடியம் அபாயகரமாகக் குறையலாம். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்று தொடங்கி, கவனிக்காவிட்டால் வலிப்பிலும் மயக்கத்திலும் முடியக்கூடியது இது. பாதயாத்திரையில் உப்புச் சாப்பாடு குறைந்து, வியர்த்து, அதற்கு மேல் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இந்தக் குறைவு இன்னும் விரைவாகும். மதுரைச் சித்திரை வெயிலுக்கும் இது பொருந்தும். ரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்று பார்க்க எளிய பரிசோதனை இருக்கிறது. அதை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். ரத்தக் கொதிப்புக்கு மருந்து எழுதியவர் இந்தச் சேர்க்கை தெரிந்திருந்தால் ஒருவேளை வேறு மாத்திரையைத் தேர்ந்திருப்பார். நீங்கள் சொல்லாததால் அவருக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

மூட்டு வலிக்கு நீங்கள் எடுப்பது அசிக்ளோஃபினாக். டைக்ளோஃபினாக், ஐப்யூபுரோஃபன், ஆஸ்பிரின் ஆகியவற்றைப் போலவே இதுவும் வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கக்கூடியது. எஸ்சிட்டலோபிராம், ரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்களில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளின் இருப்பைக் குறைத்து, கசிவு எளிதில் நிற்காதபடி செய்கிறது. எனவே இரண்டையும் சேர்த்து நாள்தோறும் எடுப்பவர்களுக்கு இரைப்பையில் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. மலம் தார்போலக் கறுத்துப் போனால், மூலமாயிருக்கும் என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இது போதாதென்று, டெல்மிசார்டான், சிறுநீர்ப் பெருக்கி, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒருவர் உடலில் ஒரே நேரத்தில் சேர்ந்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். உடலில் நீர் வற்றியிருக்கும்போது அது மிக விரைவாக நிகழும். கால் வலிக்கிறது என்று யாத்திரையின் நடுவே ஆளுக்கு ஒரு வலி மாத்திரையைப் பகிர்ந்துகொள்கிறார்களே, அப்போது உங்கள் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவரிடம் கேட்கும் வரை, வலி தாங்க முடியாத நாளில் பாரசிட்டமால் மட்டும் எடுத்துக்கொள்வது இவற்றைவிடப் பாதுகாப்பானது. அதை வாங்கும்போதும், பாரசிட்டமாலோடு டிரமடால் என்ற வலி மருந்தும் சேர்த்த மாத்திரையாக இருந்துவிடாதபடி அட்டையைப் பார்த்து வாங்குங்கள். டிரமடால் உங்கள் மருந்தோடு சேரக்கூடாதவற்றுள் ஒன்று; இரண்டும் சேர்ந்தால் செரோட்டோனின் மிகுந்து, நடுக்கம், வியர்வை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தசை இறுக்கம், மனக்குழப்பம் எனச் சில மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்து வரலாம். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் சிரப்பும், உறக்கத்துக்கு என்று இணையத்தில் விற்கும் 5-ஹெச்.டி.பி. (5-HTP) போன்ற துணைப் பொருள்களும் இதே பட்டியலில் வருவன. நாட்டு மருந்து என்று நம்பி எடுக்கும் அரிஷ்டங்கள் நொதிக்க வைத்துச் செய்யப்படுவதால் அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் இருக்கிறது. குளோனசிபாம் எடுப்பவர் அதையும் சொல்லிவிடுவது நல்லது. மது எந்த வடிவில் இருந்தாலும் கூடாது என்பதை ஆசிரியையான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் ஊருக்கு வரும் வழியில் தோப்பூரில் காசநோய் மருத்துவமனை இருக்கிறதல்லவா? மனச்சோர்வு மருந்துகளின் கதை அப்படி ஒரு காசநோய் மருத்துவமனையில்தான் தொடங்கியது. 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் காசநோய்க்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, நோய் முற்றிய நோயாளிகள்கூட உற்சாகமாக நடமாடத் தொடங்கியதை மருத்துவர்கள் கவனித்தார்கள். செரோட்டோனின் போன்றவற்றைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை அது தடுத்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. இன்று மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் லைனசோலிட் என்ற மருந்துக்கும் அந்த நொதியைச் சிறிதளவு தடுக்கும் குணம் உண்டு. ஆகவே மனச்சோர்வு மாத்திரை எடுக்கும் ஒருவர் காசநோய்ப் பிரிவுக்குச் சென்றால், அங்கே இதை மறைக்கவே கூடாது. உங்களுக்குக் காசநோய் இல்லை. இருந்தும், இதே மாத்திரையை எடுக்கும் வேறொருவர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதினேன்.

எழுதக் கூச்சமாக உள்ளது என்று நீங்கள் கடைசியில் வைத்த விஷயத்துக்கு வருகிறேன். எஸ்சிட்டலோபிராம் வகை மருந்துகளால் தாம்பத்திய நாட்டம் குறைவது மிகப் பரவலான பக்க விளைவு. ஆண், பெண் இருபாலருக்கும் வரும். மனச்சோர்வு நோயும் நாட்டத்தைக் குறைக்கும். மாதவிடாய் நிற்கும் வயதும் குறைக்கும். ஆனால் மனம் தெளிந்த பிறகும் ஓராண்டாக இந்நிலை நீடிப்பதால் மருந்துக்கே முதல் சந்தேகம் போகிறது. இதற்கு வழி இருக்கிறது: அளவைக் குறைக்கலாம், இந்தத் தொல்லை குறைவாக உள்ள வேறு மருந்துக்கு மாற்றலாம், உங்கள் நிலையில் நிறுத்தவே கூடும். பலர் இதனால்தான் மருந்தை ஓசைப்படாமல் விட்டுவிடுகிறார்கள். கேட்டால் "மறந்துவிட்டேன்" என்பார்கள். மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல இயலவில்லை என்றால், எனக்கு எழுதியதுபோலவே ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டுங்கள். மனநல மருத்துவர்களுக்கு இது நாள்தோறும் வரும் கேள்வி. உங்கள் கணவருக்கும் காரணத்தைச் சொல்லிவிடலாம். ஓராண்டாக அவர் தம் மீதே குறை தேடிக்கொண்டிருக்கவும் கூடும்.

தங்கை மகளுக்குப் பாதி மாத்திரை கொடுக்கக் கூடாது. கால் மாத்திரையும் கூடாது. உங்கள் மாத்திரையில் பாதியைக் கொடுத்தால், பழக்கம் உண்டாக்கும் குளோனசிபாமில் பாதியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். அது ஒருபுறம் இருக்க, அவளுடைய வயது முக்கியமானது. இளையோர் சிலருக்கு இந்த மருந்துகளைத் தொடங்கும் முதல் சில வாரங்களிலும், அளவை மாற்றும்போதும், படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்று கண்டறிந்து, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. 2007-இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. இதனால் இளையோருக்கு மருந்தே தரக்கூடாது என்று பொருளல்ல. தேவையானவர்களுக்கு அது உயிர் காக்கிறது. தொடங்கிய வாரங்களில் ஒருவர் அடிக்கடி பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து கமுக்கமாகக் கொடுக்கும் மாத்திரையை அப்படி யார் கண்காணிப்பார்கள்? இன்னொன்று: சிலருக்கு முகவாட்டமாகத் தெரிவது, உற்சாகம் எல்லை மீறும் காலமும் சோர்ந்து கிடக்கும் காலமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறின் ஒரு பகுதியாக இருக்கும். அவர்களுக்கு இம்மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் உறக்கமே இல்லாத வெறிநிலைக்குத் தள்ளிவிடலாம். தைராய்டு குறைபாடாகவும் ரத்தச் சோகையாகவும்கூட இருக்கலாம். அல்லது மருந்தே தேவைப்படாத, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு துயரமாகவும் இருக்கலாம். அவளிடமே கேட்டால்தான் தெரியும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்றும் நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வருகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவளைத் தனியே விட வேண்டாம். உங்கள் வீட்டு மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அவளும் பேசலாம், உங்கள் தங்கையும் பேசலாம்.

நீங்கள் யாரிடம் செல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்தை எழுதிய அந்த மருத்துவரிடமே செல்லலாம். அவர் விரும்பினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். செலவு தடையாக இருந்தால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் மனநல மருத்துவர்கள் வருவதுண்டு; திருமங்கலம் அரசு மருத்துவமனையில் எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு செல்லுங்கள். பள்ளி நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உங்கள் சிகிச்சை விவரம் இரகசியமாகக் காக்கப்படுவதை உங்கள் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. உங்களுக்குத் தரும் மருந்து என்ன, அதன் பக்க விளைவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அதே சட்டம் தரும் உரிமை. மருத்துவர்களிடமிருந்து மட்டும் எதையும் மறைக்காதீர்கள்.

போகும்போது பழைய சீட்டை மட்டும் எடுத்துப் போகாமல், வீட்டில் நீங்கள் எடுக்கும் எல்லா அட்டைகளையும், வலிக்குத் தடவும் தைலம் உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் கொட்டிக் காட்டுங்கள். மாத்திரை நிறுத்திய அந்த ஐந்து நாள்களில் எந்த நாளில் என்ன நேர்ந்தது என்பதை எனக்கு எழுதியதுபோலவே எழுதிக் கொடுங்கள். குளோனசிபாம் குறைக்கப்படும் வாரங்களில் பகலில் அசதியோ தலைச்சுற்றலோ இருந்தால் ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போக வேண்டாம், பேருந்தில் போங்கள். மாமியாரையும் உடன் அழைத்துப் போக இயலுமானால், அது என்ன மாத்திரை என்பதை மருத்துவரே அவருக்குச் சொல்லிவிடுவார். உங்களுக்கும் ஒரு பாரம் குறையும்.

அதுவரை, அட்டையில் இன்னும் எத்தனை மாத்திரைகள் இருக்கின்றன என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்றால், அந்த நாளை முன்னுக்கு நகர்த்துங்கள்.